இளங்கொடி

குளிர்சாதனப்பெட்டிக்குள் நாலு பாகை.
இரவு கரண்ட் நின்றதையும் வந்ததையும்
காவலுக்கு இருந்த செகசோதி அண்ணை
சுவர்க் கலண்டரில் அட்டமிக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்.
நாற்பது நிமிசம். தடுப்பூசிக்கு ஒன்றுமில்லை.

ஒட்டுசுட்டானில் இன்னும் கடை திறக்கவில்லை.
எங்கள் வாசலில் முதல் ஆள் வந்தாயிற்று:
யூரியாப் பைக்குள் கழுத்தளவு இறக்கி
மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டுவந்த ஆடு.
பையில் ஐம்பது கிலோ என்று போட்டிருக்கிறது.
ஆடு பதினெட்டு.
பக்கத்து வீட்டு அந்தியேட்டியில் மிஞ்சின சோறு முழுக்கத் தின்று
இடப்பக்கம் தட்டினால் பறை.

டொக்டர் மாத்தறைக்காரி. வந்து எட்டு மாதம்.
அவவின் சின்னக் கொப்பியில் தமிழ் இருக்கிறது:
புழு, சீழ், கழிச்சல், வீக்கம், ஈனாத நாகு.
வருத்தம் மட்டும் பேசத் தெரிந்த தமிழ்.
மிச்சத்துக்கு நான்.
"ரெண்டு நாளாய் அசைபோடேல்லை" என்பதை அங்காலும்
"காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு" என்பதை இங்காலும்
கடத்திக்கொண்டு நடுவில் நிற்கிறேன்,
கையில் ஆட்டின் காது.

பத்து மணிக்குக் கூழாமுறிப்பிலிருந்து அழைப்பு.
யோகமலரின் மாடு விடியப்புறம் தொடக்கம் முக்குகிறது.
கிரவல் றோட்டு. மருந்துப் பெட்டி என் மடியில் குதிக்கிறது.
போனால்
ஒரு கால் வெளியே. தலையைக் காணவில்லை.
டொக்டரின் கை தடித்தது, என்னுடையது சன்னம்;
வேலைக்கு எடுத்தபோது நேர்முகத்தில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை.
சவர்க்காரம், தேங்காயெண்ணெய்,
பிறகு தோள்வரை நான்.

உள்ளே நல்ல சூடு. கண் தேவைப்படாத இடம்.
குளம்பு, முழங்கால், எங்கேயோ பின்னால் மடிந்து கிடந்த கழுத்து.
மாடு முக்கும்போது என் எலும்பு நெரிகிறது,
விடும்போது அரை விரல் முன்னேறுகிறேன்.
தாடை. வாய்க்குள் விரலை வைத்தேன்.
உறிஞ்சியது.
"உயிர்" என்று கத்தினேன்.
அதை ஒருவருக்கும் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கயிறு போட்டு மூன்று பெண்கள் இழுத்து
நாகு கன்று ஒன்று நிலத்தில் விழுந்து தும்மியது.

தாயைத் தடவிக்கொண்டு நின்ற டொக்டர்
பின்தொடையில் நிறுத்தி "கட்டி?" என்றா, தமிழில்.
அமத்திப் பார்த்தேன். வழுகியது, நசியவில்லை.
"இரும்பு."
"எப்படித் தெரியும்?" இது சிங்களத்தில்.
என்ன கேட்கிறா என்று யோகமலர் என்னைப் பார்த்தா.
மாட்டுக்கு ஏழு வயது.
அப்படியென்றால் பன்றிக்குக் கட்டிய துவக்கின் ரவை.
என் முழங்காலுக்கு மேலே இருப்பதற்கு அதைவிட வயது.
"கை பழகிவிட்டது" என்றேன், சிங்களத்தில்.
தமிழில் ஒன்றும் சொல்லவில்லை.
யோகமலர் தன் தோளை ஒருக்கால் தடவிவிட்டுக்
கன்றைத் துடைக்கப் போனா.

"இளங்கொடி தானாய் விழவேணும். இழுக்காதேங்கோ.
இரவுக்குள்ள விழாட்டி எடுங்கோ" என்று நம்பர் கொடுத்தேன்.

பின்னேரம் ஒரு பெடியன்
பள்ளிக்கூடப் பையில் ஐந்து நாய்க்குட்டிகள்.
"புத்தகம் எங்கயடா?"
"வீட்டில, பத்திரமாய்."
விசர்நாய் ஊசி அட்டையில் பெயர் எழுத ஓர் இடமுண்டு.
ஐந்துக்கும் பப்பிதானாம்.
ஐந்து தரம் எழுதினேன்.

இரவு,
மூன்று தரம் கழுவியும் கை மாட்டுக்குள்ளேதான் இருக்கிறது.
கரண்டியால் சாப்பிட்டேன்.
மேற்கை நீலம் பாரித்துவிட்டது.
போன் ஏழுக்கும் அடிக்கவில்லை, எட்டுக்கும் அடிக்கவில்லை.
அடிக்காதது நல்லதா என்று தெரியாமல்
பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஒன்பதரைக்கு:
"விழுந்திட்டுது."
"எங்க கட்டினீங்கள்?"
"ஆலில. நாய்க்கு எட்டாது."
அங்கே மழை தொடங்கிவிட்டது, தகரத்தில் கேட்டது.
இரண்டு பேரும் வைக்கவில்லை.
"நாளைக்குக் கடும்புப்பால் குடுத்து விடுறன்,
டொக்டருக்குக் கடும்பு தெரியுமோ?"
"தெரியாது" என்றேன்.
"குடுங்கோ."